இடப்பக்கம் மேலே

குரே துறைமுகம்
1980 நவம்பர் 9

‘நகிசா’ மாத இதழ் மூலமாக, சித்திரக்கதை ஆசிரியர் கிதாமுரா ரித்சுகோ அவர்களுக்கு,

இங்கே கடல்காற்று குளிரத் தொடங்கிவிட்டது. தோக்கியோவில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இந்த ஊரில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பள்ளிச் சீருடை தைத்து விற்கிறேன். அளவெடுக்கக் காத்திருக்கும் மாணவிகளுக்காகத் தங்கள் இதழை வாங்கிப் போடுகிறோம். நான் படிப்பதில்லை. நாற்காலியிலிருந்து எடுத்து வைக்கும்போது தற்செயலாக முப்பத்திரண்டு பக்கங்கள் கண்ணில் பட்டன. அவை தங்களுடைய ‘முதல் மணிக்கு முன்’ தொடரின் பக்கங்கள்.

நாவோ பெண்ணாகப் பதியப்பட்ட பிள்ளை என்பதும், வெளியூர்ப் பள்ளியில் பையன்களின் கறுப்புக் கோட்டுடன் சேர்ந்திருக்கிறான் என்பதும், இது தோழி சாயோவுக்கு மட்டுமே தெரியும் என்பதும் எனக்கு விளங்கியது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் நாற்பத்தேழாம் பக்கம், மூன்றாவது கட்டத்தில். அங்கே நாவோவின் கோட்டு வலப்பக்கம் மேலே வந்து மூடியிருக்கிறது.

ஆண்களின் கோட்டில் இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வந்தால் பெண்கள் கோட்டு. அப்படி ஒரு பள்ளிக் கோட்டை நான் தைத்ததில்லை. கிமோனோ என்றால் ஆண், பெண் இருவருக்குமே இடப்பக்கம்தான் மேலே. வலப்பக்கத்தை மேலே மடிப்பது பிணத்துக்கு மட்டும். ஆகவே அந்தக் கட்டத்தில் நாவோ ஒன்று பெண்ணாகிவிட்டான், அல்லது காலமாகிவிட்டான். அடுத்த கட்டத்தில் அவன் சைக்கிள் ஓட்டுவதால் இரண்டாவதை நம்ப முடியவில்லை.

திருத்திக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஹமசாகி தோகுஜி
ஹமசாகி சீருடைக் கடை

---

தோக்கியோ
நவம்பர் 24

ஹமசாகி தோகுஜி ஐயா அவர்களுக்கு,

குளிர் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று தெரியும். நாளை காலை பதினாறு பக்கம் கொடுக்க வேண்டும், மன்னியுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. அவசரத்தில் நேர்ந்த பிழை. அடியில் விளக்கு எரியும் பலகையில் தாளைப் பின்பக்கமாக வைத்து நகல் எடுத்தபோது படம் இடம் வலமாக மாறிவிட்டது. புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன். இதுவரை பன்னிரண்டு பெட்டி வாசகர் கடிதம் வந்திருக்கிறது. நாவோ செத்துவிட்டானா என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

நன்றியுடன்,
கிதாமுரா ரித்சுகோ

---

குரே
டிசம்பர் 3

கிதாமுரா ரித்சுகோ அவர்களுக்கு,

இன்று காலை முதல் பனி விழுந்தது. விழுந்ததும் கரைந்தது. இத்துடன் பருவ விசாரிப்பு முடிகிறது.

தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். தாளைப் பின்பக்கமாக வைத்து நகல் எடுத்திருந்தால், நாவோவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிப் பெயர்ப்பலகையும் இடம் வலமாக மாறி வந்திருக்கும். அது சரியாக இருக்கிறது. நாவோ மட்டும்தான் மாறியிருக்கிறான். மார்புப் பை வலப்பக்கம். கைக்கடிகாரம் வலக்கையில். யாரோ கறுப்புக் கோட்டு போட்டு, கண்ணாடி முன் நின்று, தெரிந்ததை அப்படியே வரைந்தால்தான் இப்படி வரும்.

அந்தக் கோட்டு வேறு யாருக்கோ தைத்தது. தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்குகிறது. கை மணிக்கட்டைத் தாண்டுகிறது. நாவோவுக்கு முந்தைய மாதங்களில் இப்படி இருந்ததில்லை. எனக்கு அளவெடுக்காமல் ஒருவரைப் பார்க்கத் தெரியாது. இது தொழில் குறை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். என் அப்பா இந்தத் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகளுக்குச் சட்டை தைத்தவர். முதுகில் சதுரமாக விழும் அந்த மாலுமிக் காலருக்கு அவர் வெட்டிய காகித மாதிரி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதே மாதிரியை வைத்துத்தான் இன்று பள்ளிப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறேன். அப்பா தைத்தபோது அதைப் போட்டவர்கள் மீசை வைத்திருந்தார்கள். இப்போது அது பெண்மையின் அடையாளம் என்கிறார்கள். காகிதம் மாறவில்லை.

பட்டமளிப்பு அன்று சாயோ நாவோவிடம் இரண்டாவது பொத்தானைக் கேட்பாளா என்று என் மனைவி அறிய விரும்புகிறாள். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் என்பதால் பெண்கள் தங்களுக்குப் பிடித்த பையனிடம் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். மார்ச் முடிந்தால் தம்பிகளுக்கு அந்தக் கோட்டு போக வேண்டும் என்று அம்மாக்கள் எல்லோரும் எங்களிடம் ஒரே ஒரு பொத்தான் வாங்க வருகிறார்கள்.

ஹமசாகி தோகுஜி

---

தோக்கியோ
டிசம்பர் 20

ஹமசாகி ஐயா அவர்களுக்கு,

என் பொத்தான்களைப் பற்றி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. வாசகர் எல்லோருக்கும் உண்டு. என் தோளைப் பற்றி எழுத உரிமை கிடையாது. நான் என்ன போட்டுக்கொண்டு, எந்தக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன் என்பதை ஐந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்றால், நான் திரைச்சீலை வாங்கிய பணம் வீண்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கிதாமுரா ரித்சுகோ

பி.கு. இரண்டு விரல் என்றால் உங்கள் விரலா, என் விரலா?

---

குரே
1981 ஜனவரி 5

கிதாமுரா ரித்சுகோ அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அரிசி உருண்டைச் சூப்பைச் சாப்பிட்டுக்கொண்டே தங்கள் கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். ஃபுசாயே சொன்னாள்: “ஏங்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு, உங்க கோட்டு உங்களுக்குப் பெருசுன்னு யாராவது கடுதாசி போடுவாங்களா? நீங்க தையல்காரரா, போலீஸா?”

மன்னிப்புக் கேட்கிறேன். என் விரல்தான். மூன்று சென்டிமீட்டர்.

ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், பள்ளி திறப்பதற்கு முந்தைய மார்ச்சில், ஒரு பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தது. கையில் ஒரு சீட்டு. மார்பு, தோள், கை, உயரம் எல்லாம் அரை சென்டிமீட்டர் பிசகாமல் எழுதியிருந்தது. பார்த்தவுடன் சொந்தமாக அளவெடுத்தது என்று தெரிந்தது. தனக்குத்தானே முதுகை அளப்பது லேசான காரியம் இல்லை. கறுப்புக் கோட்டுகள் பக்கம் போய் நின்றது.

“பொண்ணுங்க துணி அந்தப் பக்கம்மா” என்றேன்.

“தெரியுங்க.”

“அப்ப அண்ணனுக்கா?”

“இல்லங்க.”

“ஓ, பள்ளிக்கூட நாடகமா!” என்று சிரித்தேன்.

அந்தப் பிள்ளை சீட்டை நாலாக மடித்தது. “மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நான் கேட்ட கேள்விகள் எல்லாம் கடைக்காரர்கள் வழக்கமாகக் கேட்பவை. மன்னிப்புக் கேட்டது வாடிக்கையாளர் என்பதுதான் மூன்று வருடமாக இடிக்கிறது. அளவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. கோட்டு அந்தப் பிள்ளைக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்ததும் இன்னொரு சீட்டு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். வேறு நோக்கமில்லை.

ஹமசாகி தோகுஜி

---

தோக்கியோ
ஜனவரி 18

ஹமசாகி ஐயா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் வேலை செய்யாமல் இருந்தேன். என் பதிப்பாசிரியர் குராமோச்சி அதற்காக உங்களைச் சபிப்பார்.

விஷயம் இதுதான். பொத்தான் பக்கம் மாறியிருப்பதைக் கவனித்தது நீங்கள் மட்டும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அதை நான் வேண்டுமென்றே வைத்த குறிப்பு என்கிறார்கள். நாவோ உள்ளுக்குள் பெண்தான், கடைசி அத்தியாயத்தில் பாவாடைக்குத் திரும்புவாள் என்று ஆசிரியர் பொத்தான் வழியாகச் சொல்கிறாராம். குராமோச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

“கிதாமுரா மேடம், நீங்க எமகாதகி! எனக்கே சொல்லாம ஒரு பொத்தான்ல முடிவ ஒளிச்சு வச்சிருக்கீங்களே! பட்டமளிப்பு அன்னிக்கு அவ மாலுமிக் காலர் சட்டையில வர்றா, மொத்தப் பள்ளிக்கூடமும் வாயப் பொளக்குது, யாரோ ஒரு பையன் ஓடி வந்து அவளுக்குத் தன் பொத்தானக் குடுக்குறான். ரெண்டு பக்கம் முழுசாப் படம். அழாம ஒருத்தி இதழ மூடக் கூடாது.”

“அது பிழைங்க, குராமோச்சி சார்.”

“பிழையா? பொத்தான், பை, கடிகாரம், மூணும் சேர்ந்து மாறுறதா பிழை? அடக்கம் போதும் மேடம்.”

அது குறிப்பு இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. கண்ணாடியைச் சொல்ல வேண்டும். கண்ணாடியைச் சொன்னால் அதன் முன் நின்றது யார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிப்ரவரி பத்தாம் தேதி முன்வரைவு கொடுக்கும்போது நாவோவுக்குப் பாவாடை மாட்டிவிட வேண்டும். மூன்று வருடம் அவனைக் கோட்டில் வரைந்த அதே கையால்.

நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். அந்தக் கோட்டை இரண்டு வருடம் முன் இங்கே ஒரு பழைய துணிக்கடையில் வாங்கினேன். அதைப் போட்டால் மடிப்புகளைச் சரியாக வரையலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாவோ வராத பக்கங்களையும் அதைப் போட்டுக்கொண்டே வரைகிறேன் என்பதை மூன்றாவது மாதம்தான் கவனித்தேன். போன இலையுதிர் காலத்தில் எரிவாயு மீட்டர் பார்க்கும் ஆள் திடீரென்று மணி அடித்தார். கழற்ற நேரமில்லை. “அண்ணே, இங்க ஒரு கையெழுத்து” என்றார். போட்டேன். அன்று முழுவதும் வேலை தண்ணீராக ஓடியது. நாற்பத்தேழாம் பக்கம் அன்று வரைந்ததுதான். அதனால்தான் கண்ணாடியில் பார்த்து வரைகிறேன் என்பதையே மறந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு கோட்டு தைத்துத் தருவீர்களா? என் தோளுக்கு. அளவுச் சீட்டு இத்துடன். முதுகை அளக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கிதாமுரா

---

குரே
ஜனவரி 27

கிதாமுரா அவர்களுக்கு,

கோட்டு பார்சலில் வருகிறது. கறுப்புக் கம்பளித் துணி, ஐந்து பொத்தான், உள்ளே இரண்டு பை. பெண்கள் உடையில் உள்பை வைப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் பழைய மூடத்தனம். பெண்களிடம் ஒளிக்க எதுவும் இருக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

பொத்தான் விஷயத்தில் நிறைய யோசித்தேன். கடற்படைக் கோட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் காஜா எடுத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ப இடம் வலம் மாற்றி மூடிக்கொள்ளலாம். தங்கள் கோட்டிலும் இரண்டு பக்கமும் காஜா வைத்திருக்கிறேன். பள்ளிக் கோட்டின் பொத்தான் பின்னால் வளையம் போட்டு மாட்டுவதுதான், தைப்பது இல்லை. விருப்பம்போல எந்தப் பக்கமும் மாட்டலாம். யாரும் எதுவும் சொல்ல முடியாது. என் முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எதையும் தைத்ததில்லை.

ஹமசாகி தோகுஜி

---

தோக்கியோ
ஜனவரி 31

ஹமசாகி ஐயா,

கோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாதீர்கள். தோள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். கழற்ற மனம் வரவில்லை. கழற்றிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அந்தக் காஜாக்கள் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு அலமாரியைக் காட்டினீர்கள். எனக்கு இரண்டு அலமாரியையும் சேர்த்துக் காட்டுகிறீர்கள். அன்பாகத்தான் காட்டுகிறீர்கள், தெரிகிறது. காற்று அடிக்கும் பக்கம் மாற்றி மூடிக்கொள்ளும் வேலையை நான் முப்பத்து நாலு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு எனக்குக் கோட்டே தேவைப்படவில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒருவர் என்னிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

இடப்பக்கம் மேலே. நீங்கள்தானே முதல் கடிதத்தில் எழுதினீர்கள், அது உயிரோடு இருப்பவர்கள் மடிக்கும் பக்கம் என்று.

பத்தாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. அதைப் போட்டுக்கொண்டுதான் பதிப்பகத்துக்குப் போகப்போகிறேன்.

ரித்சு

---

குரே
பிப்ரவரி 5

கிதாமுரா ரித்சு அவர்களுக்கு,

தங்கள் கையெழுத்தில் ஓரெழுத்து குறைந்திருந்தது. மை தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஃபுசாயே சொன்னாள்: “மை தீரலை, உங்க மூளைதான் தீந்துபோச்சு. பொம்பளப் பேருக்குன்னு கடைசில ஒட்டுறாங்கல்ல, அதக் கழட்டி வச்சிருக்காங்க. பேசாம அப்படியே எழுதுங்க.” எழுதியிருக்கிறேன்.

தாங்கள் சொன்னது சரி. கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்தது பயம். காஜாக்களைப் பிரித்து, கோட்டின் முன்பக்கத் துணியை முழுவதுமாக மாற்றித் தைத்துவிட்டேன். ஒட்டுப்போட்டால் தடம் தெரியும். இடப்பக்கம் மேலே. இனி அது வேறு பக்கம் மூடாது.

இடது உள்பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது. மாற்றுப் பொத்தான் ஒன்று. இரண்டாவது பொத்தானுக்கு. மார்ச்சில் எல்லோரும் வாங்குவதுதான்.

பத்தாம் தேதி என்ன நடந்தது என்று என் மனைவி அறிய விரும்புகிறாள். இல்லை, நான் அறிய விரும்புகிறேன்.

ஹமசாகி தோகுஜி

---

தோக்கியோ
பிப்ரவரி 12

ஹமசாகி ஐயா,

ரயிலில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை தயார் செய்துவைத்த பதில்கள் எல்லாம் வீணாகப் போயின. ஒரு பாட்டியம்மா மட்டும், “கொஞ்சம் நகந்து உக்காருப்பா” என்றார். நகர்ந்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினேன்.

குராமோச்சி கீழே லிஃப்ட் வாசலுக்கே வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மேடம், இது என்ன, கடைசி அத்தியாயத்துக்கு விளம்பரமா?”

“உள்ள வாங்க” என்று லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. “கண்ணாடியில என்னப் பாருங்க. எந்தப் பக்கம் மேல இருக்கு?”

“வலது.”

“இப்ப திரும்பி என்னயப் பாருங்க.”

“இடது.” மறுபடி கண்ணாடியைப் பார்த்து, “அட” என்றார்.

“அவ்வளவுதான் சார். நாப்பத்தேழாம் பக்கத்துல இருந்தது குறிப்பு இல்ல. நான்.”

லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை. கதவு மூடியது. மறுபடி கீழே வந்தோம். அதற்குள் முன்வரைவை அவர் கையில் கொடுத்துவிட்டேன். லிஃப்டிலேயே நின்று படித்தார். மூன்று முறை மேலே போய்க் கீழே வந்தோம். ஏற வந்தவர்களை எல்லாம் “அடுத்ததுல வாங்க” என்று விரட்டினார்.

பிறகு கேட்டார்: “முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு நான் என்னன்னு பதில் எழுதுறது?”

“கண்ணாடின்னு எழுதுங்க.”

“பாவாடை கிடையாது.”

“கிடையாது.”

“சாயோ வந்து நாவோகிட்ட பொத்தான் கேக்குறா.”

“ஆமா.”

“அப்ப அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது. முழுப் பக்கம் வேணும். என்ன இது, அஞ்சல்தலை மாதிரி வரைஞ்சிருக்கீங்க?” என்று திட்டினார். அவர் திட்டினால் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். கிளம்பும்போது “நன்றி, மேட...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “ஆசிரியரே” என்று முடித்தார். காது சிவந்திருந்தது. அவருடையது, என்னுடையது, இரண்டும்.

உங்கள் மாற்றுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன். முதலில் இருந்தது இந்த உறையில். பட்டமளிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் சொல்வது நமக்குள் பழகிவிட்டது.

ரித்சு

---

குரே
மார்ச் 8

ரித்சு அவர்களுக்கு,

பிளம் பூத்துவிட்டது. பட்டமளிப்புகள் தொடங்கிவிட்டன. இரண்டாவது பொத்தான் இதுவரை நாற்பத்தொன்று விற்றிருக்கிறது.

இதழ் வந்தது. கடைசி அத்தியாயத்தை உருப்பெருக்கியுடன் மூன்று முறை பார்த்தேன். நாவோ கிளம்பும் முன் கண்ணாடியில் தலை வாரும் கட்டத்தில், கண்ணாடிக்குள் வலப்பக்கம் மேலே, வெளியே இடப்பக்கம் மேலே. பை, கடிகாரம் எல்லாம் சரி. தோளும் சரி. குறை எதுவும் கிடைக்காததால் இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் காரணம் தேட வேண்டியிருந்தது.

தங்கள் உறையிலிருந்து பொத்தான் விழுந்ததும் ஃபுசாயே சொன்னாள்: “அம்பத்தெட்டு வயசுல உங்களுக்கு ரெண்டாவது பொத்தானா! எனக்கு நீங்க ஒரு கோட்டுப் பொத்தானாவது குடுத்திருப்பீங்களா?” எங்கள் காலத்தில் அந்த வழக்கம் இல்லை என்றேன். வழக்கம் இல்லாவிட்டால் என்ன, பொத்தான் இருந்ததே என்றாள். இரண்டு நாள் அவளுக்குப் பயந்து கடைசியில் என் மார்ச் மாதக் கையிருப்பிலிருந்து ஒன்று கொடுத்தேன். புதியது செல்லாது என்று என் கோட்டிலிருந்தே பிய்த்துக்கொண்டாள். தாங்கள் தந்தது என் உள்பையில் இருக்கிறது.

கடையில் அலமாரிகளின் மேல் ‘பையன்கள்’, ‘பெண்கள்’ என்று இரண்டு பலகை மாட்டியிருந்தேன். துடைப்பதற்காகக் கழற்றினேன். வேலை அதிகம், இன்னும் மாட்டவில்லை. நேற்று ஓர் அம்மா, பின்னால் ஒரு பிள்ளையுடன் வந்து, “ஏங்க, இதுல பொண்ணுங்களுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

நான் அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவைத் தாண்டி அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்.

“உனக்கு எது வேணும்?”

ஹமசாகி தோகுஜி